வயதும் மிதிவண்டியும்

மனிதன் பயன்படுத்தும் கருவிகளுள் மிதிவண்டியைப் போல் அவன் உடலோடு ஒன்றி நிற்பது பிறிதொன்று இல்லை எனலாம். எழுதுகோலுக்குக் கை ஒன்றே போதும். நடைக்குரிய செருப்புக்குக் கால் போதும். மிதிவண்டியோ காலையும் கையையும், முதுகையும் இடுப்பையும், மூச்சையும் நெஞ்சையும் ஒருங்கே வேலை வாங்குவது. அதனை ஓட்டும் பொறியும் மனிதனே; அதில் செல்லும் பயணியும் மனிதனே. ஆதலின், உடல் மாறுந்தோறும் மனிதன் விரும்பும் வண்டியும் மாறுவது இயல்பாகும்.

சிறுவனுக்கு வண்டி ஓடினால் போதும்; அதன் அமைப்பைப் பற்றி அவன் கவலைப்படுவதில்லை. இளைஞனோ வேகத்தை நாடுவான். தாழ்ந்து வளைந்த கைப்பிடி, ஒடுங்கிய இருக்கை, மெல்லிய டயர், எடை குறைந்த சட்டம் ஆகியவையே அவன் கண்ணுக்கு அழகாகத் தோன்றும். விளக்கையும் மட்கார்டையும் வீண் சுமையென்று கழற்றி எறிவான். நடுவயதினன் வேகத்தினும் தொலைவைப் பெரிதாக மதிப்பான். பொருள் வைக்கும் பையும், இரவுக்கு விளக்கும், சேறு தடுக்கும் மட்கார்டும் அவனுக்கு இன்றியமையாதனவாகத் தோன்றும். முதியவனோ ஏறவும் இறங்கவும் எளிய வண்டியையும், உயர்ந்த கைப்பிடியையும், அகன்ற டயரையும், மேட்டில் மெல்ல மிதித்தாலும் முன்னேறும் பற்சக்கரத்தையும் விரும்புவான்.

இம்மாற்றத்தைத் தளர்ச்சி என்று இகழ்வோர் உண்டு. தெளிவு என்று போற்றுவோரும் உண்டு. இவ்விரண்டனுள் எது உண்மை? இவ்வினா பிரான்சு நாட்டில் ஒரு காலத்தில் மிதிவண்டி ஓட்டுவோரிடையே பெரியதொரு வாதமாக மூண்டது. அவ்வாதத்தின் ஒரு பக்கம் நின்றவர் பால் த விவி என்பவர். ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரால் அவர் புகழ்பெற்றார்.

உயர்ந்த சக்கரமும் இளமையும்

வெலோசியோ 1853-ஆம் ஆண்டில் தென்பிரான்சிலுள்ள பெர்ன் என்னும் ஊரில் பிறந்தார். செயிண்ட் எத்தியென் என்னும் தொழில் நகரில் பட்டு வணிகம் செய்து வந்தார். கல்வியில் ஆர்வம் மிக்கவர். பண்டை அறிஞர்தம் நூல்களைக் கற்பதில் இன்பம் கண்டவர். வாணிகமும் படிப்புமாக அமைதியாய்ச் சென்றுகொண்டிருந்த அவர் வாழ்வில், 1881-ஆம் ஆண்டில் ஒரு மிதிவண்டி புகுந்தது. அப்பொழுது அவருக்கு வயது 28.

அவர் வாங்கிய வண்டி இக்காலத்து வண்டி போன்றதன்று. முன் சக்கரம் ஓட்டுபவன் மார்பளவு உயர்ந்து நிற்கும். பின் சக்கரம் மிகச் சிறியதாய் அதனைத் தொடர்ந்து வரும். மிதிகட்டைகள் முன் சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறையே சுற்றும். ஆகவே, விரைந்து செல்ல விரும்புபவன் பெரிய சக்கரத்தைத் தேட வேண்டும். எவ்வளவு பெரிய சக்கரம் என்பதை அவன் காலின் நீளமே முடிவு செய்யும்.

இத்தகைய வண்டி அஞ்சாமைக்கு உரைகல்லாக விளங்கியது. அதன்மீது தாவி ஏறுவதே ஒரு வித்தை. வழியில் ஒரு கல் தடுக்கினும், திடீரென்று தடையை அழுத்தினும், ஓட்டுபவன் தலைகுப்புறத் தரையில் விழுவான். எனினும் இளைஞர் அதனை விரும்பினர். இடரே அதன் கவர்ச்சியாக இருந்தது. வெலோசியோவும் அக்கவர்ச்சிக்கு ஆளானார். 100 கிலோமீட்டர் தொலைவை ஆறு மணி நேரத்தில் அவரால் கடக்க இயலாது என்று நண்பர் பந்தயம் கட்டினர் என்றும், அவர் உடனே வண்டியேறி ஷேஸ் தியூ என்னும் மலையூரை நோக்கிப் புறப்பட்டார் என்றும் கூறுவர்.

ஆண்டுகள் சென்றன, வண்டியும் மாறியது. இங்கிலாந்தில் 1885-ஆம் ஆண்டு ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் ‘ரோவர்’ என்னும் வண்டியை வெளியிட்டார். ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்கள், பின் சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலி, கால் தரையில் ஊன்றத்தக்க தாழ்ந்த இருக்கை ஆகியவை அதில் அமைந்திருந்தன. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை உருவாக்கினார். உயர்ந்த சக்கரத்தில் அமர்ந்து உலகைக் கீழ்நோக்கிப் பார்த்தவர்களுக்குத் தாழ்ந்த வண்டி முதலில் இழிவாகவே தோன்றியது. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் உயர்ந்த சக்கரம் மறைந்தது. தாழ்ந்த வண்டியே நிலைத்தது. கருவியின் சிறப்பு அதன் தோற்றத்தில் இல்லை, அது செய்யும் பணியில் உள்ளது என்பதற்கு இது முதற் சான்றாகும்.

வெலோசியோ 1887-ஆம் ஆண்டில் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். பின்னர்ப் பட்டு வணிகத்தை விட்டு, மிதிவண்டிக் கடை வைத்தார். தம் வண்டிகளுக்குக் ‘கோலுவாஸ்’ என்று பெயரிட்டார். பொழுதுபோக்காகத் தொடங்கியது வாழ்க்கைப் பணியாக மாறியது.

கணவாய் கற்பித்த பாடம்

செயிண்ட் எத்தியென் நகருக்குத் தெற்கே மலைகள் உள்ளன. நகரைவிட்டு அத்திசையில் செல்பவர் ‘கோல் த லா ரெப்யூப்ளிக்’, அதாவது குடியரசுக் கணவாய் என்னும் உச்சியைக் கடக்க வேண்டும். அது கடல் மட்டத்திற்கு மேல் 1,161 மீட்டர் உயரத்தில் உள்ளது. பாதை காட்டின் ஊடே விடாமல் ஏறிக்கொண்டே செல்லும். அப்பாதையே வெலோசியோவுக்கு ஆசிரியனாய் அமைந்தது.

ஒரு நாள் அவர் ஒற்றைப் பற்சக்கர வண்டியில் அக்கணவாய் ஏறிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டியது, கால்கள் கனத்தன. அப்பொழுது அவர் இதழைப் படிக்கும் இளைஞன் ஒருவன், வாயில் புகைக்குழாயுடன், களைப்பின்றி அவரைக் கடந்து சென்றான் என்பர். இது 1889-ஆம் ஆண்டில் நடந்ததாகக் கூறப்படுகிறது. அவருக்கு அப்பொழுது முப்பத்தாறு வயது. அவ்வயதில் தோல்வியை எதிர்கொள்ளும் வழிகள் இரண்டு. ‘இளைஞனுக்கு வலிமை மிகுதி, என் காலம் கழிந்தது’ என்று சோர்ந்து நிற்பது ஒன்று. ‘என் வண்டியில் யாது குறை?’ என்று ஆராய்வது மற்றொன்று. வெலோசியோ இரண்டாம் வழியை மேற்கொண்டார்.

அவர் கண்ட உண்மையைச் சிறியதொரு கணக்கால் விளக்கலாம். ஒரு வண்டியின் முன் பற்சக்கரத்தில் 48 பற்களும் பின் பற்சக்கரத்தில் 16 பற்களும் உள்ளன எனக் கொள்க. மிதிகட்டை ஒருமுறை சுற்றும்பொழுது பின் சக்கரம் மூன்று முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் எனின், ஒரு சுற்றுக்கு வண்டி 6.3 மீட்டர் முன்செல்லும். சமதரையில் இது நன்று. ஆனால் 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் மேட்டில், அவ்வொரு சுற்றிலேயே வண்டியும் ஆளும் 44 சென்டிமீட்டர் உயரம் தூக்கப்பட வேண்டும். பின் பற்சக்கரத்தை 24 பற்கள் உடையதாக மாற்றினால், ஒரு சுற்றுக்கு வண்டி 4.2 மீட்டரே செல்லும். தூக்க வேண்டிய உயரமும் 29 சென்டிமீட்டராகக் குறையும். கால் மிகுதியான முறை சுழல வேண்டும். ஆயின் ஒவ்வொரு சுற்றும் எளிதாகும். பெரிய மூட்டையை ஒரே முறையில் தூக்க இயலாதவன், அதனைப் பிரித்துப் பல முறை சுமப்பது போன்றது இது.

சிறிய வேக அளவு மேட்டுக்கு ஏற்றது, சமதரைக்கு ஏலாது. பெரிய வேக அளவு சமதரைக்கு ஏற்றது, மேட்டுக்கு ஏலாது. அங்ஙனமாயின், இரண்டையும் ஒரே வண்டியில் வைத்தால் என்ன என்று வெலோசியோ எண்ணினார். முதலில் முன்புறம் இரு பற்சக்கரங்களை அமைத்தார். மேடு வந்ததும் இறங்கிச் சங்கிலியைக் கையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினார். பிறகு வண்டியின் இருபுறமும் ஒவ்வொரு சங்கிலி அமைத்து, வேக அளவுகளைப் பெருக்கினார். பின்னர், ஓடும்பொழுதே சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கருவி தோன்றியது. அதே நகரத்தவரான ஜோவானி பானெல் என்பவர் ‘ஷெமினோ’ என்னும் பெயரில் அத்தகைய கருவியொன்றைச் செய்தார். வெலோசியோ அதனைப் பயன்படுத்திப் பார்த்து, தம் இதழ் வாயிலாக எங்கும் பரப்பினார். இன்று ‘கியர்’ என்று வழங்கும் அமைப்பின் வளர்ச்சியில் இவர்தம் முயற்சிக்குச் சிறந்த இடம் உண்டு.

உடல் சொல்லும் செய்தி

வயது ஏறும்பொழுது உடலில் நிகழும் மாறுதல்களை அறிந்தால், கருவியின் மீதுள்ள விருப்பம் ஏன் மாறுகிறது என்பது விளங்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, கடும் உழைப்பின்போது நெஞ்சு துடிக்கக்கூடிய மிகுதியான எண்ணிக்கை சிறிது சிறிதாகக் குறைகிறது. தசைகளில் இருவகை இழைகள் உள்ளன. திடீரெனப் பெருவலிமை காட்டுவன ஒரு வகை. நெடுநேரம் மெல்ல உழைப்பன மற்றொரு வகை. முதுமையில் முதல் வகை இழைகளே பெரிதும் மெலிகின்றன. இரண்டாம் வகை நீண்ட நாள் தாங்கி நிற்கும். ஆதலின், முதியவர் ஒருவர் குறுகிய தொலைவில் இளைஞனிடம் தோற்பினும், நெடும்பயணத்தில் அவனோடு சேர்ந்து செல்ல இயலும். கனமான மிதிப்பைத் தவிர்த்து, எளிய மிதிப்பைப் பன்முறை செய்யும் வசதியே அவருக்கு வேண்டுவது. கியர் அவ்வசதியைத் தருகிறது. முழங்கால் மூட்டின் சுமையையும் குறைக்கிறது.

கைப்பிடியும் இவ்வாறே. தாழ்ந்த கைப்பிடியைப் பற்றிக் குனிந்து செல்வோனுக்குக் காற்றின் எதிர்ப்புக் குறையும், வேகம் கூடும். ஆனால் கழுத்தை நிமிர்த்திச் சாலையைப் பார்க்க வேண்டியிருப்பதால் கழுத்தும் இடுப்பும் வலிக்கும். இளைய உடல் இவ்வலியை மறுநாளே மறந்துவிடும். முதிய உடல் மறவாது. கைப்பிடியைச் சிறிது உயர்த்தினால், வேகம் சற்றுக் குறையும்; தொலைவு கூடும்; வழியிலுள்ள மரமும் ஆறும் கண்ணுக்குப் படும்.

டயரைப் பற்றிய கருத்து மேலும் வியப்புக்குரியது. மெல்லிய டயரில் காற்றை மிகுதியாக அடைத்தால் வண்டி விரைந்து செல்லும் என்பது நெடுங்காலமாக நிலவிய நம்பிக்கை. அக்காலத்துச் சாலைகளோ கல்லும் புழுதியும் நிறைந்தவை. கடினமான மெல்லிய டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் ஏறி இறங்கும். அதனோடு வண்டியும் ஆளும் குலுங்கி எழுவர். அவ்வாறு எழுவதில் வீணாவது ஓட்டுபவனது வலிமையே. அகன்ற டயரோ கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு செல்லும். உடல் குலுங்காது, வலிமையும் வீணாகாது. வெலோசியோ அகன்ற டயர்களை ஆதரித்து எழுதினார். சுகத்தை நாடும் முதியோர் விருப்பம் என்று பலர் அதனை ஒதுக்கினர். 21-ஆம் நூற்றாண்டில் பந்தய வீரர்களே 23 மில்லிமீட்டர் அகல டயரைக் கைவிட்டு, 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்ற டயர்களுக்கு மாறினர். சுகம் தருவது வேகத்திற்குப் பகையன்று என்பதை அவர்கள் ஆய்ந்து அறிந்த பின்னரே இம்மாற்றம் நிகழ்ந்தது.

நாற்பத்தைந்து வயது என்னும் எல்லை

வாதத்தின் மறுபக்கம் நின்றவர் ஆன்றி தெக்ராஞ்சு. அவர் எளியவர் அல்லர். 1893-ஆம் ஆண்டு பாரிசு நகரப் பந்தயக் களத்தில் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை நிகழ்த்தியவர். பின்னர் விளையாட்டு நாளேடு ஒன்றின் ஆசிரியராகி, 1903-ஆம் ஆண்டில் ‘தூர் த பிரான்சு’ என்னும் நாடு சுற்றும் மிதிவண்டிப் பந்தயத்தைத் தொடங்கியவர். அவர் சொல்லுக்கு மிதிவண்டி உலகில் பெருமதிப்பு இருந்தது.

1902-ஆம் ஆண்டு பிரான்சின் சுற்றுலாக் கழகம் மலைப்பாதையில் மிதிவண்டிகளைச் சோதித்துப் பார்த்தது. மூன்று வேக அளவுகள் அமைந்த கோலுவாஸ் வண்டியை ஓட்டிய மார்த் எஸ் என்னும் பெண்மணி அச்சோதனையில் புகழ் பெற்றார். கியரின் பயன் ஐயமின்றி விளங்கியது என்று வெலோசியோவின் அன்பர்கள் மகிழ்ந்தனர். தெக்ராஞ்சோ உடன்படவில்லை. வேகம் மாற்றும் கருவி நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்க்கே ஏற்றது என்று அவர் எழுதினார். பொறியின் தந்திரத்தால் வெல்வதைவிடத் தசையின் வலிமையால் வெல்வதே மேல் என்பதும், கியரை நாடுவோர் மென்மைப்பட்டு விடுகின்றனர் என்பதும், தமக்கு ஒற்றைப் பற்சக்கரமே போதும் என்பதும் அவர்தம் கருத்துகள்.

அன்று தெக்ராஞ்சுக்கு வயது 37. வெலோசியோவுக்கு வயது 49. நாற்பத்தைந்து என்னும் எல்லைக்கோட்டின் இருபுறமும் இருவர் நின்றனர். ஒருவர் எல்லையை அணுகாதவர். மற்றவர் அதனைக் கடந்தவர். தெக்ராஞ்சின் கருத்தைப் பொருளற்றதென்று தள்ளிவிடல் நேர்மையாகாது. போட்டி என்பது மனிதனின் ஆற்றலை அளக்கும் கோல். அதில் கருவி குறுக்கிட்டால் அளவு பிழைபடும் என்பது அவர் அச்சம். எளிய கருவி மனிதனை உறுதியாக்கும் என்பதிலும் உண்மை உண்டு. ஆனால் அவர் கருத்தில் ஒரு குறையும் இருந்தது. முதியவருக்குப் பயன்படுவது இளைஞனுக்கு இழிவு என்று அவர் எண்ணினார். பயனுள்ளது எவருக்கும் பயனுள்ளதே என்பதை அவர் கருதவில்லை.

அவர் நடத்திய பந்தயத்தில் அக்கொள்கையே ஆட்சி செலுத்தியது. 1910-ஆம் ஆண்டு முதல் வீரர்கள் பிரெனீசு மலைத்தொடரைக் கடந்தனர். 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை ஏறினர். பின் சக்கரத்தின் இருபுறமும் ஒவ்வொரு பற்சக்கரம் இருக்கும். மலையடிவாரத்தில் வீரன் இறங்குவான். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுவான். உச்சியை அடைந்ததும் மீண்டும் இறங்கி மீண்டும் திருப்புவான். குளிரில் விரல்கள் விறைத்திருப்பினும் இவ்வேலையை அவனே செய்தல் வேண்டும். செங்குத்தான இடங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தவரும் உண்டு. அதே காலத்தில் ஐம்பதைக் கடந்த வெலோசியோ, கருவியைத் தள்ளி வேக அளவை மாற்றிக்கொண்டு, மிதிகட்டையினின்றும் காலை எடுக்காமல் மலையேறிக்கொண்டிருந்தார்.

தெக்ராஞ்சு 1936-ஆம் ஆண்டு உடல்நலக் குறைவால் பந்தயப் பொறுப்பினின்றும் விலகினார். 1937-ஆம் ஆண்டில் சங்கிலி மாற்றும் கியருக்கு இசைவு தரப்பட்டது. அவ்வாண்டு அக்கருவியின் துணையுடன் வெற்றி பெற்றவர் ரோஜே லாபெபி. அவருக்கு வயது 26. முதியோரின் ஊன்றுகோல் என்று இகழப்பெற்ற கருவி, இளவீரனின் படைக்கலமாயிற்று. அதன்பின் கியரின்றி மலைப் பந்தயத்தில் இறங்கும் எண்ணமே மறைந்தது.

முதுமையிலும் ஓயாத சக்கரம்

அவ்வெற்றியைக் காண வெலோசியோ உயிரோடு இல்லை. ஆனால் தம் வாழ்நாளிலேயே அவர் அதனினும் சிறந்த பேறு ஒன்றைப் பெற்றார். அவர் மிதிவண்டியை விட்டிறங்க வேண்டிய நாள் வரவே இல்லை. ஆண்டுதோறும் ஈஸ்டர் விழாக் காலத்தில், குளிர் நீங்காத செயிண்ட் எத்தியென் நகரிலிருந்து, தாம் பிறந்த வெப்பமான தென்னாட்டை நோக்கி அன்பர் குழுவுடன் வண்டியில் செல்வது அவர் வழக்கம். இரவிலும் பயணம் செய்வார். புலால் உண்ணார்.

நெடும்பயணம் செய்வோருக்கென்று அவர் ஏழு நெறிகளை வகுத்தார். நிற்கும் இடங்களைக் குறைத்தல், பசியும் தாகமும் தோன்றுமுன்பே உண்டு பருகுதல், உணவும் உறக்கமும் கொள்ளாத அளவுக்குக் களைப்படையாமை, குளிருக்கும் வெப்பத்திற்கும் முன்னறிந்து உடை மாற்றுதல், பயணத்தில் மதுவையும் புலாலையும் புகையையும் விலக்குதல், தொடக்கத்தில் ஆற்றலை அடக்கிச் செலவிடுதல், பிறர் மெச்ச வேண்டும் என்பதற்காக ஓட்டாமை ஆகியவை அவை. இவற்றுள் இறுதியாக நின்றதே ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிறர் மெச்சுவதற்காக ஓட்டுபவன் தனக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்தெடுக்க இயலாது. பிறர் கண்ணுக்கு ஏற்றதையே தேர்ந்தெடுப்பான். அவன் உடல் ஒன்று சொல்ல, அவன் வண்டி மற்றொன்று சொல்லும்.

அன்பர்கள் குடியரசுக் கணவாயில் அவர் பெயரால் நினைவுச் சின்னம் எழுப்பினர். மூச்சு முட்ட அவர் ஏறிய அதே உச்சியில், அவர் பெயர் கல்லில் நின்றது. 1922-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் ஆண்டுதோறும் அக்கணவாய் ஏறும் விழாவும் நடந்து வரலாயிற்று. 1930-ஆம் ஆண்டு, 76-ஆம் வயதில், செயிண்ட் எத்தியென் நகரத் தெருவில் டிராம் வண்டி மோதி அவர் உயிர் நீத்தார்.

முதுமையில் உடல் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அந்நாட்டிலேயே பிறிதொரு சான்றும் உண்டு. லாபெபி பிறந்த அதே 1911-ஆம் ஆண்டில் பிறந்தவர் ராபர்ட் மார்ஷான். அவர் 2012-ஆம் ஆண்டு, தம் நூறாம் வயதில், ஒரு மணி நேரத்தில் 24.251 கிலோமீட்டர் ஓட்டினார். ஈராண்டுகள் கழித்து, 102-ஆம் வயதில், அதே நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டி முன்னைய அளவைத் தாமே விஞ்சினார். இடைப்பட்ட காலத்தில் வெரோனிக் பில்லா என்னும் உடலியல் அறிஞர் அவருக்கு ஏற்ற பயிற்சியை வகுத்தளித்தார். அதனால் அவர் உடல் மூச்சுக்காற்றைப் பயன்படுத்தும் திறனும் உயர்ந்தது. 2017-இல், 105-ஆம் வயதில், 22.547 கிலோமீட்டர் ஓட்டினார். 2021-ஆம் ஆண்டு 109-ஆம் வயதில் மறைந்தார். இளமையில் தெக்ராஞ்சு ஓட்டிய தொலைவோடு ஒப்பிட்டால் இவை குறைந்தவையே. ஆயினும் தன் உடலின் அளவறிந்து உழைப்பவனுக்கு, நூறு வயதிலும் முன்னேற்றம் உண்டு என்பதை இவை காட்டுகின்றன.

அறிய வேண்டுவது

வயதுக்கேற்பக் கருவியின் மீதுள்ள விருப்பம் மாறுவது தளர்ச்சியா, தெளிவா என்னும் வினாவுக்கு இனி விடை காணலாம். உடல் தளர்வது உண்மை. அதனை மறைத்தலால் பயனில்லை. ஆனால் தளர்ச்சியை அறிந்து அதற்கேற்பக் கருவியை அமைத்துக்கொள்வது தெளிவே ஆகும். வெலோசியோ இளமையின் செருக்கோடு ஒற்றைப் பற்சக்கரத்தையே பற்றி நின்றிருந்தால், நாற்பது வயதில் வண்டியை மூலையில் சாத்தியிருப்பார். வண்டியை மாற்றினார், ஆகவே பயணத்தை மாற்றாமல் இருந்தார். அவர் கைவிட்டது பெருமிதம், காத்துக்கொண்டது இன்பம்.

இதில் இளைஞர் அறிய வேண்டியதும் உண்டு. முதியவர் வண்டியையே இளைஞரும் ஓட்ட வேண்டும் என்பதன்று கருத்து. வேகத்தை விரும்புவது இளமைக்கு அழகு. எடை குறைந்த வண்டியில் காற்றைக் கிழித்துச் செல்வது அவ்வயதுக்குரிய இன்பம். ஆயின் வண்டியைத் தேர்ந்தெடுக்கும்பொழுது, ‘இது தோழர் கண்ணுக்கு எப்படித் தோன்றும்?’ என்று எண்ணுவதினும், ‘இது உடலுக்கும் வழிக்கும் பொருந்துமா?’ என்று எண்ணுவதே அறிவுடைமை. மிதிகட்டை அடியில் நிற்கும்பொழுது முழங்கால் சிறிதே மடிந்திருக்கும்படி இருக்கையின் உயரம் அமைதல் வேண்டும். இச்சிறு செய்தியைக்கூட அறியாமல், அளவுக்கு மீறிய வண்டியில் எட்டி எட்டி மிதித்து மூட்டு வலி கொள்ளும் சிறுவர் பலர்.

முதியவர் ஒருவர் எளிய கருவியை நாடும்பொழுது இளைஞர் நகைப்பது இன்றும் உண்டு. மின்பொறியின் துணையோடு ஓடும் மிதிவண்டி வந்தபொழுது, ‘இது மெலிந்தோருக்கு உரியது’ என்னும் பழைய குரல் மீண்டும் எழுந்தது. அக்குரல் கியரைப் பற்றி எழுந்ததும், அகன்ற டயரைப் பற்றி எழுந்ததும், தாழ்ந்த வண்டியைப் பற்றி எழுந்ததும் வரலாறு. வலிமை மிக்கவன் குறையுள்ள கருவியையும் தன் வலிமையால் ஓட்டிவிடுவான். ஆதலின் அதன் குறை அவனுக்குத் தெரிவதில்லை. வலிமை குன்றியவனுக்கே அக்குறை புலப்படும். அவனே அதனைத் திருத்த வழி தேடுவான். அவ்வாறு திருத்திய கருவி பின்னர் வலிமை மிக்கவனுக்கும் துணையாகிறது. மலைச்சாலைகளில் இன்று விரைந்தேறும் ஒவ்வோர் இளவீரனும், ஒரு நடுவயது மனிதர் மூச்சு முட்டி நின்று எண்ணிய எண்ணத்தின் பயனையே துய்க்கிறான்.